கிண்ணம் விற்கிறது... மொழி பிழைக்குமா? - பிரான்ஸின் பிரிட்டனியில் நடப்பது என்ன?

ஆகஸ்ட் மாதத் தொடக்கம். பிரான்ஸின் மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் லோரியான் நகரில் அந்த 10 நாட்களுக்கு ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்பெயினின் கலீசியா என எல்லா திசைகளில் இருந்தும் ‘பேக்பைப்’ கலைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். காற்றடைத்த தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதியபடியே ஊர்வலம். விடிய விடிய ஆட்டம். 1971-ல் தொடங்கிய இந்த ‘இன்டர்செல்டிக்’ விழாவுக்கு வருபவர்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

விழா நடக்கும் பிரிட்டனி பகுதிக்கென்று ஒரு தனி மொழி உண்டு. பெயர் பிரெட்டன். கடை வாசலில் ‘டெகெமேர் மாட்’ (நல்வரவு) என்று எழுதியிருக்கும். டி-ஷர்ட், பீர் பாட்டில், பிஸ்கட் டப்பா, காரின் பின்பக்க ஸ்டிக்கர் என்று எங்கு திரும்பினாலும் பிரெட்டன் சொற்கள். ஆனால், அதே கடைக்குள் போய் அதே மொழியில் ஒரு காபி கேட்டால்? பெரும்பாலும் பதில் பிரெஞ்சில்தான் வரும்.

1950 வாக்கில் சுமார் 10 லட்சம் பேர் பேசிய மொழி இது. 2018-ல் எடுத்த கணக்கெடுப்பில் பேசுபவர்கள் சுமார் 2 லட்சம். 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் 1.07 லட்சம். ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி. வீட்டில் மொழியைக் கற்ற கடைசித் தலைமுறை முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியக் காரணம்.

ஒரு பக்கம் திருவிழாவில் கூட்டம் அலைமோதுகிறது. இன்னொரு பக்கம் அந்தத் திருவிழாவின் மொழி வற்றிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் ‘பண்பாட்டுச் சுற்றுலா மரபைக் காப்பாற்றும்’ என்று எல்லா நாட்டுச் சுற்றுலாத் துறைகளும் சொல்கின்றனவே, அது உண்மையா, சும்மா விளம்பரமா?

காட்ட எதுவும் இல்லாத ஊர்

லோரியானுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்காக உருவாக்கிய துறைமுகம் இது. ஊரின் பெயருக்கே ‘கிழக்குத் திசை’ என்றுதான் பொருள். புதுச்சேரிக்குப் போன கப்பல்கள் இங்கிருந்து கிளம்பின. அங்கிருந்து வந்த துணிமூட்டைகள் இங்கே ஏலம் போயின. பக்கத்தில் போர்-லூயி கோட்டையில் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து இந்தியப் பருத்தித் துணிகளை இன்றும் பார்க்கலாம். இந்தப் பகுதியில் மீன், இறால் வகைகளுக்குப் போட ‘கரி கோஸ்’ என்றொரு மசாலாப் பொடி கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோஸ் என்ற மருந்துக்கடைக்காரர் கலந்து விற்றது. அந்தக் ‘கரி’ வேறு எதுவும் இல்லை, நம்ம ‘கறி’தான்.

ஆனால், அந்தப் பழைய லோரியான் இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இங்கே நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டியது. 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேச நாடுகளின் விமானங்கள் ஊரையே தரைமட்டமாக்கின. கான்கிரீட்டில் கட்டிய நீர்மூழ்கித் தளம் மட்டும் அசையாமல் நின்றது. இன்று காணும் நகரம் போருக்குப் பிறகு அவசரமாக எழுப்பியது.

பிரான்ஸில் சுற்றுலா என்றாலே தேவாலயம், அரண்மனை, கல் பாவிய தெரு. லோரியானிடம் அது எதுவும் மிச்சமில்லை. அதனால் மனிதர்களிடம் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டது: பாட்டு, வாத்தியம், ஆட்டம். இடிந்த ஊர் இசையால் பிழைத்த கதை என்று சொன்னால் கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கும். ஆனால் கணக்கு அதுதான்.

இங்கே வாசிக்கப்படும் ‘பொம்பார்ட்’ என்ற வாத்தியம் தமிழ்க் காதுகளுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். நாகஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதுவது, குட்டையானது, சத்தமோ பெரியது. கல்யாணங்களில் ஒருவர் பொம்பார்ட், ஒருவர் ‘பினியூ’ என்ற சிறு பேக்பைப் என ஜோடியாக வாசிப்பது பழைய வழக்கம். பிற்காலத்தில் மேளங்களும் ஸ்காட்லாந்து பேக்பைப்பும் சேர்ந்து ‘பகாட்’ என்ற பெரிய குழுக்கள் உருவாயின. கால்பந்து லீக் போல இந்தக் குழுக்களுக்குப் பிரிவுகள் உண்டு. நன்றாக வாசித்தால் மேல் பிரிவு, சொதப்பினால் கீழ் பிரிவு. முதல் பிரிவுக்கான இறுதிப் போட்டி லோரியான் விழாவில்தான். ஊருக்கு ஊர் இளைஞர்கள் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுப்பதற்கு இந்த மேடை ஒரு பெரிய காரணம். சுற்றுலாவால் வந்த நன்மை என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

வாயில்லாத பொம்மை

மொழிக்கு மட்டும் ஏன் அப்படி நடக்கவில்லை? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரெட்டன், பிரெஞ்சின் வட்டார வழக்கு அல்ல. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் கடலைத் தாண்டி பிரிட்டனில் இருந்து வந்து குடியேறியவர்களின் மொழி. உறவுமுறை வேல்ஸ் மொழியோடும் கார்ன்வால் பகுதியின் பழைய மொழியோடும்தான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, ‘ஒரே குடியரசு, ஒரே மொழி’ என்ற எண்ணம் வேரூன்றியது. வட்டார மொழிகளை ஒழித்துக்கட்டுவது அவசியம் என்று 1794-லேயே அபே கிரெகுவார் நாட்டின் பேரவையில் அறிக்கை வாசித்தார்.

1880-களில் கட்டாயக் கல்வி வந்ததும் அந்த எண்ணம் வகுப்பறைக்குள் நுழைந்தது. பள்ளியில் பிரெட்டன் பேசி மாட்டிக்கொள்ளும் குழந்தையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பையோ வேறு ஏதாவது பொருளையோ தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது பிரெட்டன் பேசினால், அந்தக் குழந்தையைக் காட்டிக்கொடுத்து அதன் கழுத்துக்கு மாற்றலாம். மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. இதற்கு ‘சிம்போல்’ என்று பெயர். தண்டனையைவிட, கூடப் படிப்பவனைக் காட்டிக்கொடுக்கப் பழக்கியதுதான் கொடுமை.

பிழைப்புக்காகப் பாரிஸ் போன பிரெட்டன் பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாகச் சேர்ந்தார்கள். 1905-ல் ‘பெகாசின்’ என்ற சித்திரக் கதைப் பாத்திரம் வந்தது. அப்பாவியான, அறிவு குறைந்த பிரெட்டன் வேலைக்காரி. அவள் முகத்தில் வாயே வரையவில்லை. பிரெட்டன் அமைப்புகள் இன்றுவரை கோபத்தோடு குறிப்பிடும் விவரம் இது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோர்கள் தாங்களாகவே முடிவெடுத்தார்கள்: ‘நாங்கள் பட்டது போதும், பிள்ளைகளாவது பிரெஞ்சு பேசட்டும்.’ அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பிரெட்டனில் பேசிக்கொள்வார்கள், பிள்ளையிடம் மட்டும் பிரெஞ்சு. ஒரே தலைமுறையில் சங்கிலி அறுந்தது. கிராமத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் பெருமளவில் வரத் தொடங்கிய காலமும் கிட்டத்தட்ட அதுவே.

களத்துமேட்டில் இருந்து யுனெஸ்கோவுக்கு

‘ஃபெஸ்ட்-நோஸ்’ என்றால் இரவு விழா. உருளைக்கிழங்கு அறுவடை முடிந்த இரவில் களைப்பு தீர ஊரே கூடி ஆடும். புது வீடு கட்டினால் மண் தரையை இறுக்குவதற்கும் இதே ஆட்டம்தான், ஆடியே மிதித்துவிடுவார்கள். இயந்திரங்கள் வந்ததும் கூட்டு வேலை குறைந்தது, ஆட்டமும் மறைந்தது. 1950-களில் லோயிஸ் ரோபார்ஸ் என்பவர் அதைத் தோட்டத்தில் இருந்து அரங்குக்குக் கொண்டுவந்து மறுபடி உயிர் கொடுத்தார். 1972-ல் ஆலன் ஸ்டிவெல் என்ற யாழ்க் கலைஞர் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பிரெட்டன் பாட்டுகளைப் பாட, அது வானொலியில் நேரலையாகப் போக, நகரத்து இளைஞர்களுக்கும் பைத்தியம் பிடித்தது.

2012-ல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஃபெஸ்ட்-நோஸ் சேர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் இடங்களில் நடக்கிறது. பார்வையாளர் வரிசை என்று எதுவும் கிடையாது. வந்தவர் வட்டத்தில் நுழைந்து பக்கத்தில் இருப்பவரின் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டால் ஆட்டம் தொடங்கிவிட்டது. வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் பேதமில்லை. காசு கொடுத்து ‘ஷோ’ பார்க்கும் சுற்றுலா இங்கே எடுபடாது.

மொழி இதில் எங்கே வருகிறது? ‘கான் ஹா டிஸ்கான்’ என்ற பாட்டு முறையில். பக்கவாத்தியம் கிடையாது, இரண்டு பாடகர்கள் மட்டும். முதலாமவர் ஓர் அடியைப் பாடி முடிக்கும்போது கடைசிச் சில அசைகளில் இரண்டாமவர் சேர்ந்துகொள்வார். பிறகு அவர் அந்த அடியைத் திருப்பிப் பாடுவார், அவர் முடிக்கும் இடத்தில் முதலாமவர் சேர்ந்துகொள்வார். எங்கே மூச்சு விடுகிறார்கள் என்றே தெரியாது. ஆடுபவர்களின் கால் நிற்காமல் இருக்க இதுதான் சூட்சுமம். இப்படிப் பாட பிரெட்டன் தெரிந்திருக்க வேண்டும். ஆடுவதற்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் அங்கேதான்.

பெயர் எழுதிய கிண்ணம்

கைத்தொழிலின் கதை வேறு மாதிரி. கேம்பேர் நகரின் லோக்மரியா பகுதியில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே ‘ஃபயான்ஸ்’ பாத்திரங்கள் செய்கிறார்கள். சுட்ட மண்ணின் மேல் வெள்ளை மெருகு பூசி, தூரிகையால் படம் வரைந்து, மறுபடி சூளையில் வைப்பது. 1863-ல் கேம்பேருக்கு ரயில் வந்தது. கூடவே பாரிஸ் பயணிகளும் வந்தார்கள். அவர்களுக்கு நினைவாக எடுத்துப்போக ஏதாவது வேண்டுமே? வட்டத் தொப்பி போட்ட ஆண், வெள்ளைத் தலையணி வைத்த பெண் என்று ‘குட்டி பிரெட்டன்’ ஜோடி பாத்திரங்களில் ஏறியது அந்தக் காலத்தில்தான். இன்று ‘தொன்றுதொட்ட மரபு’ என்று கொண்டாடப்படும் அந்தச் சித்திரத்தை உருவாக்கியதில் சுற்றுலாக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ‘உண்மையான மரபு’ எது, ‘சுற்றுலாவுக்காக வந்தது’ எது என்று கோடு கிழிப்பது நினைப்பதுபோல் சுலபமில்லை.

இரண்டு பக்கமும் காது வைத்து, வாங்குபவரின் பெயரையே எழுதித் தரும் கிண்ணம்தான் இங்கே சூப்பர் ஹிட். அப்படியும் 1983-ல் கேம்பேரின் முக்கியத் தொழிற்சாலை நொடித்து மூடப்பட்டது. மறு ஆண்டு அதை மீட்டது, அமெரிக்காவில் இந்தப் பாத்திரங்களை இறக்குமதி செய்து விற்றுவந்தவர்கள். ஊர்க்காரர்கள் கைவிட்ட வேளையில் வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து வந்த உதவி.

புகழ் கூடினால் போலி கூடும் என்பதற்கு பிரிட்டனிக்கு வெளியே, தெற்கே மலைப்பகுதியில் இருக்கும் லயோல் கிராமமே சாட்சி. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். மடக்குக் கத்திக்குப் பேர்போனது. எழுத்துப்படி ‘லகியோல்’ என்று படிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் சொல்வது ‘லயோல்’. அங்கே வேரோடிய ஒக்சிதான் மொழியின் மிச்சம் அந்த உச்சரிப்பு. 1980-களில் கத்தித் தொழில் ஊருக்குத் திரும்பியது. கூரையில் 18 மீட்டர் உயரக் கத்தி அலகை நட்ட தொழிற்சாலையைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ஆனால் 1993-ல் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஊரின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்துவிட்டார். வெளிநாட்டில் செய்த மலிவுச் சரக்கெல்லாம் அந்தப் பெயரில் வந்தது. சொந்தப் பெயருக்காக ஊர் நீதிமன்றம் ஏறி, 2012-ல் தோற்று, 2019-ல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது.

இந்த மாதிரித் தகராறுகளின் பின்னணியில்தான், உணவு, ஒயின் வகைகளுக்கு இருந்த புவிசார் குறியீட்டை 2014-ல் கைத்தொழில்களுக்கும் விரித்தது பிரான்ஸ். பிரிட்டனியின் கருங்கல் 2017-ல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. கல்லுக்கும் கத்திக்கும் சட்டத்தில் வேலி போடலாம். மொழிக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்ற வரி பிரெஞ்சு அரசியலமைப்பில் சேர்ந்தது 1992-ல். ஆங்கிலத்தின் ஆதிக்கத்துக்கு எதிரான தடுப்பு என்றுதான் அப்போது பேசப்பட்டது. நடைமுறையில் அடி விழுந்தது வட்டார மொழிகளுக்கு. 1999-ல் ஐரோப்பிய வட்டார மொழிகள் சாசனத்தில் பிரான்ஸ் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 2008-ல் வட்டார மொழிகள் ‘பிரான்ஸின் மரபுச் சொத்து’ என்று அரசியலமைப்பில் ஒரு வரி சேர்ந்தது.

கவனித்துப் பார்த்தால், ‘மரபுச் சொத்து’ என்பது கேம்பேர் கிண்ணத்துக்கும் பொருந்தும் சொல்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். அதில் பாடம் நடத்தலாமா என்ற கேள்வி வந்தபோது பதில் வேறாக இருந்தது.

பிரிட்டனியைச் சேர்ந்த எம்.பி. போல் மொலாக் கொண்டுவந்த வட்டார மொழிகள் மசோதாவை 2021 ஏப்ரல் 8-ல் நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. பாடம் மட்டுமல்லாமல் பள்ளி வாழ்க்கை முழுவதும் அந்த மொழியிலேயே நடக்கும் ‘மூழ்கல்’ முறைக்கு அது சட்ட அங்கீகாரம் தந்தது. மே 21-ல் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. பெயர்களில் வட்டார மொழிக் குறியீடுகளை எழுத அனுமதித்த பிரிவும் போனது. ‘ஃபாஞ்ச்’ என்ற பிரெட்டன் ஆண் பெயரில் ஓர் எழுத்தின் மேல் வரும் சிறு சுழியை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் போடலாமா கூடாதா என்று வழக்கே நடந்த நாடு இது. மே 29-ல் பிரிட்டனியிலும் பிற வட்டார மொழிப் பகுதிகளிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் கல்வி அமைச்சகத்தின் சுற்றறிக்கை ஒன்று இடைவழி காட்ட, பள்ளிகள் தொடர்கின்றன. உரிமையாக இல்லை, சலுகையாக.

கூட்டம் கூடினால் யாருக்கு நஷ்டம்?

சுற்றுலாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடற்கரையில் வீடுகள் விடுமுறை வாடகைக்கும் இரண்டாவது வீடாகவும் போய்விட, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. சென்-மாலோ நகரம் 2021-ல், எந்தப் பகுதியில் எத்தனை சதவீத வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விடலாம் என்று உச்சவரம்பே விதித்தது. பிரேயா என்ற குட்டித் தீவு 2023 கோடையில் ஒரு நாளைக்கு 4,700 பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று கதவை அடைத்தது. பிரெட்டன் படித்த ஒரு தம்பதி அந்த மொழி பேசும் ஊரிலேயே குடியிருக்க வீடு கிடைக்காவிட்டால், கிண்ணத்தில் எழுதிய பெயரால் என்ன பயன்?

உண்டியல் எங்கே இருக்கிறது?

1977-ல் லாம்பவுல்-ப்ளூடால்மெசோ என்ற கிராமத்தில், சில பெற்றோர் சேர்ந்து முழுக்க பிரெட்டனில் நடக்கும் மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ‘திவான்’. நம்மூர் சமஸ்தானத் திவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரெட்டனில் ‘முளைவிடுதல்’ என்று பொருள். இன்று திவான் பள்ளிகளில் சுமார் 4 ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அரசு, கத்தோலிக்கப் பள்ளிகளின் இருமொழி வகுப்புகளையும் சேர்த்தால் சுமார் 20 ஆயிரம் பேர். பெரியவர்களுக்கு 6 மாதத் தீவிரப் பயிற்சிகளும் நடக்கின்றன. வீட்டில் அறுந்த சங்கிலியைப் பள்ளி ஒட்டவைக்கப் பார்க்கிறது.

பிரான்ஸில் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளி, அரசு சம்பளம் தரும் ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆசிரியர் சம்பளம், கட்டட வாடகை எல்லாம் அமைப்பின் பொறுப்பு. பணத்துக்கு எங்கே போவது? பெற்றோர் ஃபெஸ்ட்-நோஸ் நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம், கோதுமை தோசை மாதிரி மெல்லிசாக ஊற்றும் ‘க்ரேப்’ விற்ற காசு, ஆப்பிள் மது விற்ற காசு எல்லாம் பள்ளிக் கணக்குக்குப் போகும். கோடையில் அந்த வட்டத்தில் வந்து சுண்டுவிரல் கோக்கும் பயணி, தனக்குத் தெரியாமலேயே ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் பங்கு போடுகிறார். கடையில் ‘டெகெமேர் மாட்’ எழுதிய டி-ஷர்ட்டை வாங்கும் பயணியின் பணம் அங்கே போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதையே பெரிய அளவில் செய்வது 2008-ல் தொடங்கிய ‘ரெடாடெக்’ தொடர் ஓட்டம். பாஸ்க் மொழிக்காரர்களின் ‘கொர்ரிகா’ ஓட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தில், இரவு பகல் நிற்காமல் பிரிட்டனி முழுவதையும் சுற்றி ஓடுகிறார்கள். சமீப காலத்தில் தூரம் சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டரும் விற்பனைக்கு. பஞ்சாயத்து வாங்கும், மளிகைக் கடை வாங்கும், பகாட் குழு வாங்கும், வெளியூர்க்காரரும் வாங்கலாம். கிடைக்கும் லாபத்தில் பாதி திவான் பள்ளிகளுக்கு, பாதி மற்ற மொழித் திட்டங்களுக்கு.

ஓடுபவர்கள் கைமாற்றிக்கொள்ளும் தடிக்குள் பிரெட்டனில் எழுதிய ஒரு ரகசியச் செய்தி இருக்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கழுத்துக்குக் கழுத்து மாறிய மரச்செருப்பின் நினைவு பெரியவர்களுக்கு வந்தால் ஆச்சரியமில்லை. கிலோமீட்டரை வாங்கியவர் அந்தத் தூரத்துக்குத் தடியைப் பிடித்துக்கொண்டு ஓடலாம், குழந்தையைத் தோளில் உட்காரவைத்து நடந்தும் போகலாம். கடைசிக் கிலோமீட்டர் முடிந்ததும் தடியைத் திறந்து, கூடியிருக்கும் கூட்டத்துக்கு அந்தச் செய்தியைச் சத்தமாக வாசிப்பார்கள். பிரெட்டனில்.